அம்மிச்சியோட பெருவிரலும் ஒரு ஓ.டி.பி.யும்

மொதல்லயே சொல்லிடறேன், இது நிகழ்ச்சித் தொகுப்பு மாதிரி எல்லாம் இருக்காது. போன அக்டோபர் மாசம் முதியோர் தினத்த ஒட்டி சென்னிமலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல வயசானவங்களுக்குன்னே ஒரு மேளா வெச்சிருந்தாங்க. உள்ளூர் ஆளுங்க நாலஞ்சு பேர் கூடிப் பேசி, கவர்மென்ட் டிபார்ட்மென்ட்டு, பேங்க்கு, போஸ்டாபீசு, ஆஸ்பத்திரின்னு எல்லாத்தையும் ஒரே கூரைக்குள்ள கொண்டாந்து உக்கார வெச்சிருந்தாங்க. அம்மாவையும் அம்மிச்சியையும் கூட்டிட்டு வெடியால எட்டரைக்குப் போனவ, பொழுதோட அஞ்சு மணிக்குத்தான் வீடு வந்து சேந்தேன். அன்னிக்கு நடந்ததுல பாதி இன்னும் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு, எழுதுனாத்தான் அடங்கும் போல.

அம்மிச்சின்னா அம்மாவோட அம்மா. வயசு தொண்ணூறுன்னு நாங்களா ஒரு கணக்கு வெச்சிருக்கோம். "வாய்க்கா வெட்டறப்ப மண்ணு சொமந்தேன், அப்ப நான் பெரிய மனுசியாகி ரெண்டு வருசம் இருக்கும்"னு சொல்லுவாங்க. வாய்க்கான்னா கீழ்பவானி வாய்க்கா. அந்த அணை வேலை நடந்தது 1948-ல இருந்து 1955 வரைக்கும், அத வெச்சு முன்ன பின்ன தள்ளிப் பாத்தா தொண்ணூறு வருது. எங்கம்மா அணை கட்டி முடிச்ச வருசம் பொறந்தவங்க, அதனால எழுபது. ரெண்டு பேரும் தோட்டத்து வீட்டுல தனியா இருக்கறாங்க. அப்பா போயி ஆறு வருசம் ஆச்சு. நான் ஒத்தப் புள்ள, கோயமுத்தூர்ல வேலை, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போவேன், சில மாசம் அதுவும் இல்ல. ஆக எழுபது வயசு தொண்ணூறு வயச பாத்துக்குது, அதுதான் எங்க வீட்டு நெலவரம்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லைங்க. தமிழ்நாட்டுல 60 தாண்டுனவங்க 2021-ல 13.6 சதவீதம்னு மத்திய அரசோட புள்ளிவிவரப் புத்தகம் சொல்லுது, நாடு முழுசுக்கும் அது 10.1 தான், கேரளாவுக்கு அடுத்தபடி நாமதான். 2031-ல நம்மளுது 18.2 ஆயிரும்னு கணக்குப் போட்டிருக்காங்க. கொங்குப் பக்கம் இன்னும் ஒரு படி மேல, ஊரு நாட்டுல மத்தவங்க நாலஞ்சு பெத்துட்டு இருந்த காலத்துலயே இங்க ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கிட்டாங்க, பூமி துண்டாயிரக் கூடாது, புள்ளைய நல்லாப் படிக்க வைக்கோணும். படிக்க வெச்சாங்க. படிச்சவன் சிட்னியில இருக்கறான். இட்டேரிக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு அந்தப் பக்கம் ஒரு வீடுன்னு எங்க தோட்டத்துப் பக்கம் எண்ணுனா ஒம்பது வீடு, அதுல ஆறு வீட்டுல வயசானவங்க மட்டுந்தான்.

சரி, மண்டபத்துக்கு வர்றேன்.

வாசல்லயே ரெண்டு கலர் பேட்ஜ் வெச்சிருந்தாங்க. மஞ்சள் பேட்ஜ் பெரியவங்களுக்கு, பச்சை பேட்ஜ் கூட வந்திருக்கறவங்களுக்கு. காலேஜ் புள்ளைங்கதான் வாலண்டியர். அம்மிச்சிக்கு மஞ்சள் குத்திட்டாங்க, எனக்குப் பச்சை. அம்மாகிட்ட மஞ்சள நீட்டுனப்ப அம்மா கைய பின்னால இழுத்துக்கிட்டாங்க, "இல்ல கண்ணு, நான் பாத்துக்கறதுக்கு வந்தவ." அந்தப் புள்ள என்ன பாக்குது, நான் அம்மாவ பாக்கறேன். பேட்ஜ் வாங்கறதுக்கு ஒரு பாரம் வேற, அதுல "பராமரிப்பவர் பெயர்"னு ஒரு கட்டம். அம்மிச்சி பாரத்துல அம்மா அவங்க பேர சட்டுனு எழுதிட்டாங்க. அவங்க பாரத்துல அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்னுருச்சு. அப்பறம் என்ற பேர எழுதுனாங்க. எழுதறதுக்கு முன்னால ஒரு தரம் என்ன நிமிந்து பாத்தாங்க பாருங்க, அத என்னால சொல்லத் தெரியல. கடைசியில பச்சை பேட்ஜையே வாங்கிக் குத்திக்கிட்டாங்க.

உள்ள குத்துவிளக்கு, சால்வை, பேச்சு எல்லாம் வழக்கம்போல. அறுபதாங் கல்யாணம் எண்பதாங் கல்யாணம் முடிச்ச ஜோடிகள மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டாங்க, அதுல ஒரு தாத்தா மாலைய போட்ட உடனே கழட்டி ஆத்தாளுக்கே போட்டுட்டாரு, கை தட்டல் அடங்கவே இல்ல. சொவத்துல நம்ம பக்கத்துப் பெரியவங்க படம் ஒட்டியிருந்தாங்க. நூறு வயசு தாண்டியும் காட்டுல எறங்கி வெவசாயம் பண்ணி 2021-ல பத்மஸ்ரீ வாங்குன தேக்கம்பட்டி பாப்பம்மாள், யோகாசனம் சொல்லிக் குடுத்து 2018-ல வாங்குன நானம்மாள், வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல 87 வயசுல வாங்குன பத்ரப்பன் ஐயா. அம்மிச்சி ஒவ்வொரு படத்துக்கும் முன்னால நின்னு நின்னு பாத்தாங்க. பாத்துட்டு என் காதுல, "ஏன் கண்ணு, இவங்களுக்கெல்லாம் முட்டி வலிக்காதாமா?"ன்னாங்க.

நான் சிரிச்சுட்டேன், ஆனா நெசமா அது நல்ல கேள்விதான். வயசானவங்கள கொண்டாடறதுன்னா நமக்கு நூறு வயசுல தலைகீழா நிக்கறவங்களத்தான் தெரியுது. முட்டி வலியோட அடுப்படிக்கும் கட்டுத்தறிக்கும் நடக்கறவங்கள எந்தப் படத்துல ஒட்டறது.

மொதல்ல டாக்டர் ஸ்டால். அங்கதான் எனக்கு மொத அடி. அம்மிச்சிக்கு பிரசர் பாக்கறதுக்கு கைய நீட்டச் சொன்னா நீட்ட மாட்டேன்னு அடம், "மொதல்ல நீ காட்டு, உனக்கு வலிக்குதான்னு பாக்கறேன்"னு அம்மாவ தள்ளிவிட்டாங்க. அம்மாவும் வெளையாட்டாட்ட கைய நீட்டுனாங்க. 178-க்கு 104. நர்சு திரும்பக் கட்டிப் பாத்துச்சு, பத்து நிமிசம் உக்கார வெச்சு மறுக்காப் பாத்துச்சு, அதே கதைதான். அப்பறம் அம்மிச்சிக்குப் பாத்தா 130-க்கு 80, மாத்திர ஒழுங்கா முழுங்கறாங்க இல்ல, மணி அடிச்ச மாதிரி.

"மாத்திரை எடுத்துக்கறீங்களாம்மா?"

"எனக்கெதுக்குங், நான் நல்லாத்தான் இருக்கறேன்."

இதுல கொடும என்னன்னா மக்களைத் தேடி மருத்துவம் ஆளு மாசாமாசம் வீட்டுக்கே வர்றாங்க. 2021 ஆகஸ்ட்டுல கிருஷ்ணகிரிப் பக்கம் ஆரம்பிச்ச திட்டம் அது, பிரசருக்கும் சுகருக்கும் வீட்டுலயே பாத்து மாத்திர குடுத்துட்டுப் போறது. எங்க வீட்டுக்கும் வந்து அம்மிச்சிக்குப் பாத்துட்டு மாத்திர குடுத்துட்டுப் போறாங்க, அந்த மாத்திரைய வேளா வேளைக்கு எடுத்துக் குடுக்கறதே எங்கம்மாதான். ஆனா அந்தக்கா வர்ற நேரம் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிருப்பாங்க, இல்லாட்டி களத்துல நிப்பாங்க, வீட்டுல இருந்தாலும் "நான் நல்லாத்தான் இருக்கறேன்"தான். இத்தன வருசம் ஒருத்தரும் அந்தக் கையில பட்டி கட்டுனதில்ல. ஒருத்தரும்னா என்னையும் சேத்துத்தான் சொல்றேன், என் வீட்டு அலமாரியில டிஜிட்டல் பிரசர் மெஷின் இருக்கு, மாமனாருக்கு வாங்குனது.

அடுத்தாப்ல நடந்து காட்டற டெஸ்ட்டு. நாற்காலியில இருந்து எந்திரிச்சு, மூணு மீட்டர் நடந்து, திரும்பி வந்து உக்காரோணும், பன்னெண்டு செகண்டுக்கு மேல ஆனா விழுந்துர்ற அபாயம் இருக்குதுன்னு அர்த்தமாம். அம்மிச்சி முப்பத்தி ஒண்ணு. நடுவால நின்னு ஒரு ஒறம்பரைய, அதான் சொந்தக்காரங்கள, பாத்து பழமை பேசுனதும் அதுல அடக்கம். அம்மா பதினஞ்சு. அந்தப் பிசியோ பையன் நல்ல பையன், ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிக்கறப்பதான் நெறையப் பேரு விழறாங்க, படுத்துக்கெடந்து சடக்குனு நின்னா பிரசர் எறங்கிரும், கட்டில் ஓரத்துல கால தொங்கப் போட்டு ஒரு நிமிசம் உக்காந்துட்டு அப்பறம் எந்திரிங்க, வீட்டுப் பின்னால பொடக்காளிக்குப் போற வழியில ஒரு லைட்டு போடுங்கன்னு பொறுமையா சொன்னான். கோடிக் கணக்குல செலவு பண்ணி சொல்ற வைத்தியத்த விட இந்த ஒரு நிமிசம் ஒசத்தின்னு தோணுச்சு. இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்த பெரியவங்க எந்திரிக்காமயே போனத நம்ம எல்லா வீட்டுலயும் பாத்திருக்கோம்ல.

ஞாபக மறதி டெஸ்ட்டுல கூத்து. மூணு வார்த்த சொல்லி ஞாபகம் வெச்சுக்கச் சொல்லிட்டு, ஒரு வெள்ளப் பேப்பர்ல கடிகாரம் வரைஞ்சு பதினொண்ணு பத்து காட்டச் சொன்னாங்க. அம்மிச்சி பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவங்க. பேனாவ சோத்துக்கரண்டியாட்டப் புடிச்சுட்டு கொஞ்ச நேரம் பாத்துட்டு, "எங்கூட்டுல வேப்ப மரத்து நெழலு கட்டுத்தறிக் கல்லுக்கு வந்தா பதினொண்ணுங்"ன்னாங்க. அந்தப் புள்ள சைபர் போட்டுருச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு, ஏன்னா இதே மனுசிதான் எந்தக் கல்யாணத்துக்கு யாரு எத்தன ரூபா மொய் வெச்சாங்கன்னு அம்பது வருசத்துக் கணக்கு சொல்றவங்க, எங்க தோட்டத்துல கட்டியிருந்த காங்கேயம் மாடுகளோட தாயாதி முச்சூடும் சொல்லுவாங்க. நல்லவேளையா ஒரு பெரிய டாக்டரம்மா பக்கத்துல இருந்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு இந்தக் கடிகார டெஸ்ட்டு செட் ஆவாது, அதுக்குன்னே 1990-கள்ல ஹரியானாவுல கிராமத்துப் பெரியவங்கள வெச்சு மாத்தி அமைச்ச கேள்விகள் இருக்குன்னு சொல்லி, அந்தச் சைபர அடிச்சு விட்டாங்க. அவங்க இல்லாம இருந்திருந்தா எங்க அம்மிச்சி அன்னிக்கு மறதிக்காரி ஆயிட்டு வந்திருப்பாங்க.

இப்ப ஆதார் மேசை. அன்னிக்கு நாங்க ரொம்ப நேரம் நின்னது இங்கதான்.

எழுபது வயசு தாண்டுன யாருக்கும் வருமானம் பாக்காம வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவு, 2024 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, அந்தக் கார்டுக்கு ஒரு தம்பி லேப்டாப் வெச்சுட்டு பதிஞ்சுட்டு இருந்தாரு. ஆதார் நம்பர் அடிச்சா போதும், போனுக்கு ஓ.டி.பி வரும், சொன்னா முடிஞ்சுது. அம்மிச்சி நம்பர் அடிச்சாரு. ஓ.டி.பி போயிருச்சுன்னு திரையில வருது. எங்க போச்சு? எங்க அப்புச்சி, அதான் அம்மிச்சியோட வீட்டுக்காரரு, அவரு நம்பருக்குப் போயிருக்கு. அப்புச்சி செத்து எட்டு வருசம். நம்பர் எப்பவோ கட்டு.

"அம்மிச்சி, ஓ.டி.பி அப்புச்சிக்குப் போயிருச்சு"ன்னேன்.

"போவட்டும், வாங்கி வெச்சிருப்பாரு. நான் போறப்ப கேட்டுக்கறேன்."

வரிசையில இருந்த அத்தன பேரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், அம்மா மட்டும் சிரிக்கல.

சரி, கைரேகை வெச்சுப் பாக்கலாம்னு பெருவிரல வெச்சாங்க. எடுக்கல. ஆட்காட்டி விரலு. எடுக்கல. பத்து விரலும் போட்டாச்சு. தலையில தேச்சு எண்ணெ தொட்டு வைங்கன்னு ஒருத்தர், ஈரத் துணியில தொடைங்கன்னு ஒருத்தர், ஆளுக்கொரு வைத்தியம். அந்த மெஷின் மேல தப்பே இல்ல, எடுக்கறதுக்கு அங்க ரேகை இருந்தாத்தான. வாய்க்காலுக்கு மண்ணு சொமந்து, பருத்தி பொறுக்கி, மஞ்சக் காட்டுல களை வெட்டி, மழையில்லாத வருசத்துல தறிக்கு நூல் சுத்திக் குடுத்து, தொண்ணூறு வருசம் தேச்ச வெரலு, நெலவு வாசப்படி மாதிரி வழுவழுன்னு இருக்கு. அவங்க பின்னால நின்ன பெட்ஷீட் தறி ஓட்டுன தாத்தாவுக்கும் எடுக்கல, அதுக்குப் பின்னால நின்ன ஆத்தாளுக்கும் எடுக்கல. வேலையே செய்யாத என் வெரலு சொடக்குப் போடற நேரத்துல எடுத்துருச்சு.

கண்ணு பாவை வெச்சுப் பாத்தாங்க, ஒரு கண்ணு பொற ஆபரேசன் பண்ணுனது, இன்னொண்ணு பண்ணாதது, அதுவும் மக்கர். கடைசியில மொகத்த வெச்சு எடுத்தாங்க. அதுல கேமராவப் பாத்து கண்ண மூடி மூடித் தெறக்கச் சொல்லும். "பாட்டி, கண்ண சிமிட்டுங்க"ன்னு அந்தத் தம்பி சொல்லவும், "இத்தன வயசுக்கு மேல யாரப் பாத்து சாமி கண்ணடிக்கறது"ன்னு சொல்லி வெக்கப்பட்டுச் சிரிச்சாங்க பாருங்க, அந்தச் சிரிப்புல டக்குனு எடுத்துருச்சு. அப்படியே நம்பரையும் மாத்திரலாம்னு பக்கத்து மேசையில என் நம்பர குடுத்துப் பதிஞ்சாச்சு.

அம்மாவுக்குக் கார்டு கெடைக்கல. அணை கட்டி முடிச்ச வருசம் பொறந்தவங்கன்னு எங்களுக்குத் தெரியும், ஆதாருக்கு அவங்க 1958 ஜனவரி 1. அந்தக் காலத்துல யாரோ ஒருத்தர் குத்துமதிப்பா போட்டுவிட்டது. அன்னிக்கு மண்டபத்துக்கு வந்திருந்ததுல நூத்துக்குப் பாதிப் பேரு ஜனவரி 1-ல பொறந்தவங்களாத்தான் இருக்கும், வரிசையில பேசிக்கிட்டே விசாரிச்சுப் பாத்தேன், எங்களுக்கு முன்னால நின்ன எட்டுப் பேருல அஞ்சு பேரு. பொறந்த தேதிச் சான்று கொண்டாங்கன்னா அணைக்கட்டத்தான் கொண்டாரோணும். ஆக 178 பிரசர் இருக்கறவங்களுக்கு இன்னும் வயசாகல.

மத்த ஸ்டால் எல்லாம் வேகமாப் பாத்தோம். போஸ்டாபீசுல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், 8.2 சதவீத வட்டி, 30 லட்சம் வரைக்கும் போடலாம்னாங்க. சிலுவாட்டுக் காசு அம்பது நூறா சேத்து மடியில முடிஞ்சு வெச்சிருக்கற அம்மிச்சி அந்த 30 லட்சத்தக் கேட்டுட்டு "நல்லா இருங்க"ன்னு கும்பிட்டாங்க. முதியோர் ஓய்வூதியம் 1,000-த்துல இருந்து 2023-ல 1,200 ஆச்சு, 1962-ல அது ஆரம்பிச்சப்ப 20 ரூபாயாம். ரேஷன வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்டுல வந்தது, அதப் பத்தி நெறையப் பேரு கேட்டாங்க. ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஸ்டால்ல ஃப்ரீ செக்கப்னு பேரு, கடைசியில 'பேக்கேஜ்'ல வந்து நின்னுச்சு, அம்மா கைப்பைய இறுக்கிப் புடிச்சுட்டு வெளிய வந்துட்டாங்க. காதுக் கருவி, ஊன்றுகோல், பல்செட்டு எல்லாம் தர்ற ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்துக்கு 2017-ல இருந்து ஆளெடுக்கறாங்க, வருமான வரம்பு இருக்கு. ஆனா பெரியவங்க ரொம்ப ரொம்பப் பேசுனது மண்டபத்துல இல்லாத ஸ்டாலப் பத்தித்தான், ரயில்ல ஆம்பளைங்களுக்கு 40 பொம்பளைங்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி இருந்துச்சே, 2020 மார்ச்சுல நிறுத்துனத எப்பக் குடுப்பாங்கன்னு. பழனிக்கும் திருப்பதிக்கும் போறவங்களுக்கு அதுதான வெசனம்.

போலீஸ் ஸ்டால்ல கூட்டம் நெருக்கிருச்சு. அதுக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம், 2025-ல சிவகிரிப் பக்கம், தோட்டத்து வீட்டுல இருந்தவங்கள கொன்னதுக்கு அப்பறம் ராத்திரி நாய் கொலைச்சா எந்த வீட்டுலயும் தூக்கம் இல்ல. எஸ்.ஐ. அம்மா ஒருத்தங்க கேமரா எங்க வைக்கோணும், லைட்டு எங்க போடோணும், காவல் உதவி ஆப் எப்படி அமுக்கறதுன்னு காட்டுனாங்க. அப்பறம் போன்ல ஏமாத்தறதப் பத்தி ஒரு பாடம், போலீசுன்னு சொல்லி போன்லயே கைது பண்றதா மெரட்டற டிஜிட்டல் அரெஸ்ட்டுன்னு ஒண்ணு சட்டத்துலயே கெடையாது, எவன் மெரட்டுனாலும் கட் பண்ணிட்டு 1930-க்குக் கூப்பிடுங்க, ஓ.டி.பி.ய யாரு கேட்டாலும் சொல்லாதீங்க, பெத்த புள்ளையே கேட்டாலும் யோசிச்சுச் சொல்லுங்கன்னாங்க. அம்மிச்சி மொத வரிசையில உக்காந்து தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாங்க.

சட்ட மேசையப் பத்திச் சொல்லாம விட முடியாது.

மண்டபத்துல நுழைஞ்ச உடனே கண்ணுல படற எடத்துல இலவச சட்ட உதவின்னு பேனர் கட்டி ஒரு வக்கீலம்மா உக்காந்திருந்தாங்க. காலைல இருந்து அங்க ஒரு ஈ காக்கா இல்ல. சுகர் பாக்க முப்பது பேரு நிக்கற மண்டபத்துல அந்த மேசை முன்னால ரெண்டு நாற்காலி காலியா கெடக்குது. எனக்கு மொதல்ல புரியல. அப்பறந்தான் தோணுச்சு, அங்க போயி உக்காந்தா என்ன அர்த்தம்? என்ற மகன் என்ன கவனிக்கறதில்லைன்னு ஊருக்கே மைக் வெச்சுச் சொல்ற மாதிரி. மண்டபம் முழுக்க ஒறம்பரை, பங்காளி, சம்பந்தி. யாரு போவாங்க?

அந்த வக்கீலம்மா வெவரமானவங்க. சாப்பாட்டு நேரம் பாத்து பேனர அங்கயே விட்டுட்டு, கை கழுவற எடத்தத் தாண்டி பைக் நிறுத்தற பக்கம் ஒரு புங்க மரத்தடியில போயி நின்னுக்கிட்டாங்க. கை கழுவ வர்றவங்க ஒவ்வொருத்தரா அந்தப் பக்கம் ஒதுங்கறாங்க. நான் அம்மிச்சிக்குத் தண்ணி புடிக்கப் போனவ அங்கயே நின்னுட்டேன், ஒட்டுக் கேட்டேன்னே வெச்சுக்கங்க. வெள்ளச் சட்டை போட்ட ஒரு பெரியவரு துண்டுல கைய தொடைச்சுக்கிட்டே, "எனக்கில்லீங், எங்கூர்ல ஒருத்தரு, பூமிய பையனுக்கு எழுதி வெச்சுட்டாரு, இப்ப சோறு போடறதில்ல, அதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா"ன்னு கேட்டாரு.

வக்கீலம்மா கண்ணுல கூட காட்டிக்கல. "அவருகிட்ட இப்படிச் சொல்லுங்கய்யா"ன்னு ஆரம்பிச்சாங்க. 2007-ல பெற்றோர் மூத்த குடிமக்கள் சட்டம் வந்திருக்கு, ஆர்.டி.ஓ.கிட்ட, வண்டி ஆர்.டி.ஓ. இல்ல, வருவாய்க் கோட்டாட்சியர்கிட்ட, ஒரு வெள்ளப் பேப்பர்ல எழுதிக் குடுத்தாப் போதும், வக்கீல் தேவையில்ல, அந்தச் சட்டத்துல வக்கீல வெச்சு வாதாடவே எடமில்ல, மாசம் 10,000 வரைக்கும் ஜீவனாம்சம் உத்தரவு போடலாம். சட்டம் வந்ததுக்கப்பறம் எழுதுன செட்டில்மென்ட்டா இருந்து, கவனிச்சுக்கோணும்னு நிபந்தனையோட எழுதியிருந்து, கவனிக்கலைன்னா 23-வது பிரிவுல அந்தப் பத்திரத்தையே செல்லாதுன்னு ஆக்கலாம். நிபந்தனைய சும்மா வாயில சொன்னதுன்னா கஷ்டம், எழுத்துல இருந்தா நல்லது. 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு இந்தச் சட்டத்தப் பெரியவங்களுக்குச் சாதகமாத்தான் படிக்கோணும்னு சொல்லியிருக்கு. இனிமே எழுதப் போறவங்களா இருந்தா செட்டில்மென்ட்டுக்கு பதிலா உயிலா எழுதச் சொல்லுங்க, ரெண்டு சாட்சி போதும், ரெஜிஸ்டர் பண்ணியே ஆகோணும்னு இல்ல, உசுரு இருக்கற வரைக்கும் எத்தன தடவ வேணா மாத்தலாம். தனியாப் பேசோணும்னா முதியோர் உதவிக்கு 14567, சட்ட உதவிக்கு 15100, ரெண்டும் காசில்லாத நம்பர்.

பெரியவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரிங், அவருகிட்ட சொல்லிப் போடறேன்"ன்னாரு. ரெண்டு எட்டு வெச்சவரு திரும்பி வந்து, "அந்த மொத நம்பர மட்டும் ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்"ன்னாரு.

எங்க வீட்டுக் கதையும் இதுல இருக்கு. அம்மிச்சி 2002-ல தோட்டத்த மாமன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, அப்பறம் நாலு வருசத்துல மக வீட்டுக்கு வந்துட்டாங்க, சண்டை எல்லாம் ஒண்ணும் இல்ல, வந்தாங்க, அப்படியே இருந்துட்டாங்க. நான் தெரிஞ்சுக்கலாம்னு வக்கீலம்மாகிட்ட கேட்டேன். 2002 பத்திரம் சட்டத்துக்கு முந்தினது, அத ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா ஜீவனாம்சம் கேக்கலாம், மகனுக்கு அந்தக் கடமை இருக்குன்னாங்க. பின்னால திரும்பிப் பாத்தா அம்மிச்சி நிக்கறாங்க. எவ்வளவு நேரமா நின்னாங்கன்னு தெரியல. "கேசு போட்டு வாங்கற சோறு எறங்குமா கண்ணு தொண்டையில"ன்னு மட்டும் கேட்டுட்டு, டம்ளர வாங்கித் தண்ணியக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னிக்குப் பூரா காது சரியா கேக்கலைன்னு காதுக் கருவி ஸ்டால்ல சொன்னவங்க.

சாப்பாடு நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லோணும். பல்லில்லாதவங்களுக்குன்னு தனியா இடியாப்பமாட்ட இருக்கற சந்தகையும் தேங்காப் பாலும், மத்தவங்களுக்கு அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளு ரசமும். இனிப்பு ஒப்புட்டு வெச்சதுல டாக்டர் ஸ்டாலுக்கும் சமையல்காரருக்கும் சின்ன சண்டை. பெரியவங்க யாரு பக்கம் நின்னாங்கன்னு சொல்லத் தேவையில்ல.

மத்தியானத்துக்கு மேல கும்மி. சலங்கை கட்டுன சின்னப் புள்ளைங்க ஆட வந்தவங்க, ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள ஆத்தாக்கள் எல்லாம் உள்ள பூந்துட்டாங்க. காலைல மூணு மீட்டர் நடக்க முப்பத்தி ஒரு செகண்டு எடுத்த எங்க அம்மிச்சி, நாற்காலியில உக்காந்த வாக்குலயே கையத் தட்டி, அந்தப் புள்ளைங்க அடி மாத்தறதுக்கு முன்னாலயே அடிய மாத்துனாங்க. அம்மா வட்டத்துல சேரல. பைய மடியில வெச்சுக்கிட்டு, அம்மிச்சி நாற்காலி சாஞ்சுராம ஒரு கையால பின்னால புடிச்சுட்டு நின்னாங்க, அவ்வளவு நேரமும்.

எனக்கு அப்பத்தான் அந்த நாள் முச்சூடும் மண்டையில சுத்துனது என்னன்னு பிடிபட்டுச்சு. திட்டத்துக்குப் பஞ்சமில்ல, நெசமாவே இல்ல, அன்னிக்கு நான் பாத்த மேசை ஒவ்வொண்ணுலயும் ஏதோ ஒண்ணு இருந்துச்சு. ஆனா எல்லா மேசையும் கூட ஒரு ஆளு வருவாங்கன்னு நெனச்சுப் போட்ட மேசை. போன் வெச்சிருக்கற ஆளு, பாரம் எழுதற ஆளு, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியில கூட்டிட்டுப் போற ஆளு, மாத்திரைய எடுத்துக் குடுக்கற ஆளு. அந்த ஆளுக்கும் எழுபது வயசு, அந்த ஆளு பச்சை பேட்ஜ குத்திட்டு நாற்காலியப் புடிச்சுட்டு நிக்குது. தனியா வந்த பெரியவங்க அன்னிக்கு நெறையப் பேரு டோக்கன கையில வெச்சுட்டு எந்த வரிசைன்னு தெரியாம சாயங்காலம் வரைக்கும் ஒரே நாற்காலியில உக்காந்துட்டு, சந்தகை சாப்பிட்டுட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பா பரிசு வாங்கிட்டு டவுன் பஸ் ஏறிப் போனாங்க. அடுத்த தடவ மேளா வெச்சா இன்னும் பத்து ஸ்டால் சேக்காம, ஒரு பெரியவருக்கு ஒரு காலேஜ் புள்ளைன்னு கூட அனுப்பி, அடுத்த ஒரு மாசத்துக்கு அந்தக் காரியம் முடியற வரைக்கும் போன்ல விசாரிச்சாப் போதும்னு நடத்துனவங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன். எழுதி வெச்சுக்கிட்டாங்க.

இப்ப அம்மா மாத்திர சாப்பிடறாங்க. மாசாமாசம் வர்ற அக்கா இப்ப ரெண்டு பேரு கைக்கும் பட்டி கட்டறாங்க, பால் ஊத்தப் போற நேரம் தெரிஞ்சுக்கிட்டு பத்து மணிக்கு மேலதான் வர்றாங்க. பொறந்த வருசத்த மாத்தற வேலை நடந்துட்டு இருக்கு, நடந்துட்டேதான் இருக்கு. அலமாரியில இருந்த மெஷினும் தோட்டத்துக்குப் போயிருச்சு.

போன வாரம் ஆபீஸ் மீட்டிங்ல இருக்கறப்ப என் போனுக்கு ஒரு ஓ.டி.பி வந்துச்சு. அம்மிச்சியோட ஆதாருக்கு. தொடர்ந்து அம்மா நம்பர்ல இருந்து போனு. எடுத்தா அம்மிச்சி.

"ஏன் அம்மிணி, உனக்கு ஒரு நம்பர் வந்துச்சா? அம்மா என்னமோ கார்டு எடுக்க இ-சேவைக்குக் கூட்டியாந்திருக்கறா, அந்தப் பையன் கேக்கறான்."

"வந்துச்சு அம்மிச்சி, சொல்றேன், அவன்கிட்ட குடுங்க."

"போன்ல சொல்லாத. அந்தப் போலீசம்மா என்ன சொன்னாங்க? பெத்த புள்ளைக்கே யோசிச்சுத்தான் சொல்லோணும்னாங்க. நேர்ல வந்து சொல்லு."

"அது பத்து நிமிசந்தான் இருக்கும் அம்மிச்சி, அப்பறம் செல்லாது."

"அப்ப சட்டுனு கெளம்பு."